நடுச்சாமப் பூசைக்கு எத்தனை பார் (தாளக் கட்டம்) எழுதணும்?

ஓலைக்கொட்டான்:
வணக்கம் மக்களே. ஒரு சந்தேகம், கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்கோங்க.

நான் சேரன்மாதேவிக்கு அங்கிட்டு ஒரு ஊரு. இப்ப பெங்களூர்ல குப்பை கொட்டுதேன், ராத்திரி பத்து மணிக்கு மேல நோட்டேஷன் சாப்ட்வேர தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்துருவேன். ஒரு வருசமா எங்கூரு சொடலமாடன் கோயில் கொடைய (திருவிழாவ) வச்சு ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒரு பீஸ் எழுதுதேன், ஸ்ட்ரிங்ஸ், நாலு ஹார்ன், ரெண்டு கிளாரினெட், டிம்பனி (பெரிய முரசு), மொத்தம் 12 நிமிசம் வரும். குடியழைப்பு (சாமிய அழைக்க சடங்கு) முடிச்சாச்சு, அது நல்லாவே வந்துருக்குன்னு நானே சொல்லிக்கிடுதேன். நடுச்சாமப் பூசையிலதான் முட்டிக்கிட்டு நிக்குது. சாமி வாற எடம். எழுதி எழுதி பிளே பண்ணிப் பாத்தா ஜவுளிக்கடை லிப்ட்ல ஓடுத பாட்டு மாதிரி இருக்கு.

எங்க மாமாதான் எங்கூரு கோமரத்தாடி, சாமி வந்து ஆடுதவரு. மத்த நாள்ல வாழக்கா ஏவாரம், எறும்புக்கும் வழி விட்டு நடப்பாரு. கொடையன்னைக்கு சல்லடம் கட்டி தீப்பந்தத்த கையில எடுத்துட்டார்னா எங்க அத்தையே கிட்டக்க போமாட்டா. நாலஞ்சு வயசுல அத பாத்துட்டு ஒரு வாரம் காச்சல்ல கெடந்தேனாம்.

கேள்வி இதுதான். பெரிய பெரிய கம்போசர்லாம் மயக்கத்துல, கனவுல, அபின்லதான் எழுதுனாங்கன்னு படிக்கேன். ரூம்மேட்டு ஒருத்தன் "ஒரு இழுப்பு இழுத்துட்டு எழுதுலே, தன்னால வரும்"ங்கான். நான் சுக்குக்காப்பிக்கு மேல போனவன் இல்ல. எழுதுதவனுக்கு அந்த நெல வேணுமா? வாசிக்கவனுக்கு வேணுமா? இல்ல ரெண்டு பேருக்கும் வேண்டாமா?

சுக்குவெந்நி:
காப்பின்னதும் ஆஜர். தம்பி, ரூம்மேட்டு பேச்சக் கேட்டு இழுத்துட்டு எழுதுனீருன்னா காலம்பற எந்திச்சுப் பாக்கையில 12 நிமிசத்துக்கும் ஒரே நோட்டுதான் இருக்கும். அதுவும் அடுத்த வீட்டுக்காரன் காலிங்பெல் நோட்டு.

குறுக்குத்துறை:
சுக்கு, சும்மா இரும். நல்ல கேள்வி வந்திருக்கு.

தம்பி, அபின்னு சொன்னதும் எல்லாரும் பெர்லியோஸ்ங்க பிரெஞ்சு கம்போசரத்தான் சொல்லுவாங்க. 1830 டிசம்பர் 5, பாரிஸ்ல அரங்கேறுன ஃபண்டாஸ்டிக் சிம்பொனி. கதை என்னன்னா காதல்ல தோத்த ஒரு இளைஞன் சாவறதுக்காக அபினத் திங்கான், அளவு பத்தல, சாவல, பயங்கரக் கனவா வருது. நாலாவது பாகத்துல காதலியக் கொன்னுட்டதா நெனச்சு அவனையே தூக்குமேடைக்கு, சரியாச் சொன்னா தலவெட்டுத மேடைக்கு, கூட்டிட்டுப் போறாங்க, அஞ்சாவதுல சூனியக்காரிகள் கூடி அவன் செத்ததுக்கு கும்மாளம் போடுதாங்க. கேட்டா உண்மையிலேயே புத்தி பேதலிச்சவன் எழுதுன மாதிரிதான் இருக்கும்.

ஆனா அந்த மேடைக்குப் போற மார்ச் இருக்கு பாரும், அத ஒரே ராத்திரியில எழுதுனேன்னு தன்னோட சுயசரிதையில போட்டுருக்காரு. கையெழுத்துப் பிரதியப் பாத்தா வேற கதை. முன்னாடி எழுதி அரங்கேறாமக் கெடந்த ஒரு ஆப்பராவுல இருந்து பேத்து எடுத்து, நடுவுல காதலி மெட்ட செருகி ஒட்டி வச்சது. அந்தக் காதலி மெட்டே 1828ல ஒரு போட்டிக்கு எழுதுன கன்டாட்டாவுல (கதை சொல்லிப் பாடுத உருப்படி) இருந்தது. அபின் கனவுன்னு நாம கேக்கது பழைய பரண் சாமான், ஓய். தெளிவா உக்காந்து தச்சிருக்காரு மனுசன். அஞ்சாவது பாகத்துல அதே காதலி மெட்ட குட்டிக் கிளாரினெட்டுல குரங்குச்சேட்ட மாதிரி வாசிக்க வச்சது, வயலின்காரங்கள வில்லத் திருப்பி கட்டையால கம்பியத் தட்டச் சொன்னது, இதெல்லாம் மயக்கத்துல வாற காரியமா? அப்பா டாக்டர், இவரும் மருத்துவம் படிக்கப் போய் பாதியில விட்டவரு. மயக்கம்னா எப்படி இருக்கும்னு வெளிய நின்னு பாத்தவரு எழுதுன எழுத்து.

வில்லுக்கட்டையால கம்பியத் தட்டுததுன்னதும் நமக்கு வேற ஒண்ணு ஞாபகம் வரணும். நம்ம வில்லுப்பாட்டுல வில்லுக் கயித்தத் தட்டுத வீசுகோல்! இத நீரு உம்ம பீஸ்ல வைக்கலன்னா நான் கோவிச்சுக்கிடுவேன்.

ஓலைக்கொட்டான்:
அண்ணாச்சி, வீசுகோல் எனக்கு தோணவே இல்ல, சத்தியமா. இப்பவே டபுள் பாஸுக்கு போடுதேன்.

ஆனா ஜெர்மன் கம்போசர் வாக்னர் கதை? அரத்தூக்கத்துல தண்ணியில முங்குத மாதிரி இருந்துச்சு, அந்தத் தண்ணிச் சத்தமே ஈ ஃபிளாட் கார்டா (சேந்து ஒலிக்க சுரக்கூட்டமா) கேட்டுச்சுன்னு சொன்னாரே?

குறுக்குத்துறை:
1853, இத்தாலியில லா ஸ்பெட்சியா. சோஃபாவுல படுத்துருந்தாரு, கண்ணு சொருவிச்சு, நீர் சொன்ன மாதிரியே. ரைன்கோல்டு ஆப்பராவோட ஆரம்பம் அதுதான், 136 பாரு ஈ ஃபிளாட்ட விட்டு நகரவே மாட்டாரு. ஆனா அந்தக் கதைய வாக்னர் சொன்னது பல வருசம் கழிச்சு சுயசரிதை சொல்லையில, அதனால நம்பாதவங்களும் உண்டு. நான் நம்புதேன். பாபநாசத்துல தலையணைப் பக்கம் மத்தியானம் சாப்ட்டுட்டு படுத்துப் பாரும், உமக்கும் ஏதாவது ஒரு கார்டு கேக்கும். அதுல எட்டு ஹார்ன ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா எங்க நுழைக்கணும்னு முடிவு பண்ணுனது தூக்கம் இல்ல.

பாளை வயலின்காரி:
எழுதுறத பத்தி அண்ணாச்சி சொல்லியாச்சு, வாசிக்கிறத பத்தி நான் சொல்றேன். பதினெட்டு வருஷமா வாசிக்கிறேன், சர்ச் கொயர்ல ஆரம்பிச்சு அப்புறம் சென்னையில ரெக்கார்டிங், அப்பப்ப ஆர்கெஸ்ட்ரா.

எனக்கு வில் கை நடுங்கும். மெதுவான எடத்துலதான் ரொம்ப, நீளமா ஒரு நோட்ட சன்னமா இழுக்கணும்னா வில்லு கம்பி மேல தத்தித் தத்திப் போகும், அது கேக்குற எல்லாருக்கும் தெரியும். ஒரு கச்சேரிக்கு முன்னாடி பக்கத்து ஸ்டாண்டு அக்கா ஒரு மாத்திரைய கையில வச்சு அழுத்தினாங்க, "எல்லாரும் போடுறதுதான்"னு. யாரு என்னன்னு சொல்ல மாட்டேன். போட்டேன். கை சிலை மாதிரி நின்னுச்சு. ஒரு தப்பு இல்ல. ஆனா கண்டக்டர் கைய எறக்கினப்ப கச்சேரி முடிஞ்சிடுச்சுன்னு எனக்கு ஒறைக்கவே ஒரு நிமிஷம் ஆச்சு, யாரோ வாசிச்சத ஜன்னலுக்கு வெளிய நின்னு கேட்டுட்டு வந்த மாதிரி. வீட்டுக்கு வந்து அழுதேன், ஏன்னு தெரியல.

இன்னொரு பக்கம், பாளையங்கோட்டையில ஒரு கிறிஸ்துமஸுக்கு ஹாண்டலோட அல்லேலூயா. ஃபேன் கூட ஓடல, பட்டுச்சேலையில வேர்த்து ஒழுகுது. பாதியில ஒரு எடத்துல என் வில்லு எங்க முடியுது பக்கத்துல இருக்கிறவ வில்லு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாமப் போச்சு. ஆனா அது மயக்கம் இல்ல. அந்த நேரம் மூணாவது வரிசையில ஆல்ட்டோ பாடுற ஆச்சி கால் பார் முந்திப் போனதும் எனக்குக் கேட்டுச்சு. எல்லாமே கேட்டுச்சு. நான் மட்டும் இல்ல. அந்த அல்லேலூயா வர்ற மெசையா மொத்தத்தையும் ஹாண்டல் 1741ல 24 நாள்ல எழுதினாரு, அவருக்கும் இப்படி ஏதோ ஒண்ணு இருந்திருக்கும்னு அன்னைக்குத் தோணுச்சு.

ராத்திரி டூட்டி:
மனநல டாக்டர்ங்கிற முறையில ரெண்டு வார்த்தை.

வயலின் மேடம், நீங்க போட்டது ப்ரொப்ரனலால் மாதிரி ஒண்ணாத்தான் இருக்கும். அது முக்கியமா வேலை செய்யுறது உடம்புல: அட்ரினலின் இதயத்தையும் கை தசையையும் உலுக்காம தடுக்கும், படபடப்பு கொறையும், நடுக்கம் நிக்கும். 1987ல அமெரிக்காவுல ஆர்கெஸ்ட்ரா கலைஞர்கள் 2,000 பேருக்கு மேல கேட்ட ஒரு சர்வேயில நூத்துக்கு 27 பேர் இந்த வகை மாத்திரை போட்டிருக்கேன்னு சொன்னாங்க. அதனால அந்த அக்கா சொன்னதுல கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா அடுத்தவங்க கையில இருந்து வாங்கிப் போடாதீங்க, வீசிங் இருக்கிறவங்களுக்கு இது உயிருக்கே ஆபத்து. இங்க படிக்கிற எல்லாருக்கும் சேத்து சொல்றேன்.

ஓலைக்கொட்டான் தம்பிக்கு: கஞ்சா நேரக் கணக்கையும், இப்ப கேட்டத அடுத்த நிமிஷம் வரைக்கும் மனசுல பிடிச்சு வச்சுக்கிற சக்தியையும்தான் மொதல்ல கெடுக்கும். இருபது வரி ஸ்கோர் எழுத இந்த ரெண்டும்தான் மூலதனம். பிரமாதமா எழுதுற மாதிரி இருக்கும், அந்த 'மாதிரி'தான் பிரச்சினை.

மாத்திரையும் இல்லாம புகையும் இல்லாம மாறின கதையும் ஒண்ணு இருக்கு. ரக்மானினோவ்ங்கிற ரஷ்ய கம்போசரோட மொத சிம்பொனி 1897ல அரங்கேறி நாறிப் போச்சு. கண்டக்ட் பண்ணின கிளாசுனோவ் குடிச்சிருந்தாருன்னு பின்னாடி பேசிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் மூணு வருஷம் பெருசா எதையும் எழுத முடியல. 1900ல நிக்கோலாய் டால்னு ஒரு டாக்டர் தினமும் உக்கார வச்சு ஹிப்னாசிஸும் பேச்சும் கலந்து வைத்தியம் பாத்தாரு. டாலும் வயோலா வாசிக்கிறவரு. 1901ல ரெண்டாவது பியானோ கன்செர்ட்டோ முழுசா வந்தது, அத டாலுக்கே காணிக்கையாக்கினாரு. ஹிப்னாசிஸ் மெட்டு போட்டுக் குடுக்கல. அடைச்சிருந்தத எடுத்து விட்டது, அவ்வளவுதான்.

சுக்குவெந்நி:
கண்டக்டர் குடிச்சிருந்தாரா!! எங்கூர்ல பஸ் கண்டக்டர் குடிச்சாலே பேப்பர்ல வந்துரும்.

மந்தமும் உச்சமும்:
நாலு நாளா படிச்சுக்கிட்டே இருக்கேன், எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு இப்பதான் எழுதுதேன். எங்க வீடு மகுடம்ங்க தோல் கொட்டு அடிக்க வீடு. எங்க தாத்தா கதை பாடுத அண்ணாவி, அப்பா கீழ்ச் சத்தத்து மந்தம், சித்தப்பா மேல்ச் சத்தத்து உச்சம். நான் படிச்சு வேற வேலைக்கு வந்துட்டேன், ஆனா லீவுக்குப் போனா இன்னைக்கும் அடிப்பேன்.

ஓலைக்கொட்டான், நீங்க உங்க மாமாவப் பாத்தே எழுதுதீய. அதான் வரமாட்டுக்கு. எங்க ஆளுகளப் பாக்கவே இல்ல நீங்க.

நடுச்சாமத்துல என்ன நடக்குன்னு சொல்லுதேன். பூசைக்கு முந்தி மகுடத்த ஓலத்தீயில காச்சுவாவ, பனியில தோலு தொஞ்சு போயிருக்கும்லா, சுண்டுனா கணீர்னு வரணும். மந்தம் ஒரே சீரா போட்டுக்கிட்டு இருக்கும், உச்சம் அது மேல வெட்டி வெட்டிப் போவும். அண்ணாவி காதுல கைய வச்சுக்கிட்டு கதையப் பாடுவாரு. சாமி சட்டுனு வந்துராது. கூட்டமெல்லாம் கோமரத்தாடி மொகத்தப் பாக்கும். எங்க தாத்தா மொகத்தப் பாக்கவே மாட்டாரு. கால் பெருவிரலத்தான் பாப்பாரு. பெருவிரல் மண்ணக் கெண்ட ஆரம்பிக்குதா, அப்பாவப் பாத்து ஒரு தலையாட்டு. அதுவரைக்கும் வேகத்தக் கூட்டக் கூடாது. கூட்டுனா சாமி கலைஞ்சு போவும், ஆடுதவரு வெறும் மனுசனா முழிச்சுக்கிட்டு நிப்பாரு, ஊரு முழுக்க எங்களத்தான் ஏசும். தப்பிப் போயி பிந்திட்டா அதுவும் தப்பு.

விடிய விடிய அடிச்சும் எங்க வீட்டுல ஒருத்தருக்கும் சாமி வந்தது இல்ல. வந்துட்டா அடிக்கது யாரு? தாத்தா சொல்லுவாரு, "ரெண்டு பேரும் கெணத்துல எறங்கிட்டா கயிறப் பிடிக்கதுக்கு ஆளு வேண்டாமாடே"ன்னு.

ஊருக்காரங்க எங்க மாமாவுக்கு சாமி வந்துச்சு எங்க மாமாவுக்கு சாமி வந்துச்சுன்னு பெருமையாப் பேசுவாங்க, வரவச்சவனுக்கு விடிஞ்சதும் துட்டு பேசையில அம்பது ரூவா கொறைப்பாங்க. உங்களச் சொல்லல தம்பி, பொதுவாச் சொல்லுதேன்.

ஓலைக்கொட்டான்:
அண்ணே... எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. நான் அத்தன வருசம் பாத்ததுல மகுடக்காரங்க மொகம் ஒண்ணு கூட ஞாபகம் இல்ல. தப்பு எம்மேலதான்.

குறுக்குத்துறை:
ஓய் மந்தம், நீரு சொன்ன கெணத்துக்கும் கயித்துக்கும் அச்சு அசலா ஒரு கதை இருக்கு, இத்தாலியில.

ஜாச்சிந்தோ ஷெல்சின்னு ஒரு பிரபு. மனசு ஒடைஞ்சு ஆஸ்பத்திரியில இருக்கையில பியானோவுல ஒரே கட்டைய திரும்பத் திரும்பத் தட்டிக்கிட்டே இருப்பாராம், அந்தச் சத்தத்துக்குள்ளயே போய் உக்காந்துருவாராம். 1959ல ஆர்கெஸ்ட்ராவுக்கு நாலு பீஸ் எழுதுனாரு, ஒவ்வொண்ணும் ஒரே ஒரு சுரம். அதே சுரத்த கொஞ்சம் நெருடி, கொஞ்சம் ஆட்டி, வாத்தியம் மாத்தி, சத்தம் ஏத்தி எறக்கி. நம்ம நாதசுரத்துக்குப் பின்னால ஒத்து ஊதுதாங்களே, அந்த ஒத்தே கச்சேரியா ஆனா எப்படி? அப்படி இருக்கும். நான் ராத்திரி ஹெட்போன்ல கேட்டுட்டு தூங்காமக் கெடந்துருக்கேன்.

(சுக்கு, நீரு சொன்ன காலிங்பெல் நோட்டு இதுதான், சிரிக்காதேயும்.)

விசயம் என்னன்னா, அவரு தியானத்துல இருக்க மாதிரி உக்காந்து வாசிப்பாரு, டேப்புல பதிவாகும். அத ஸ்கோரா எழுதுனது வேற ஆளு, சம்பளத்துக்கு. வியெரி தொசாத்தின்னு ஒரு கம்போசர்தான் அதுல முக்கியமானவரு. ஷெல்சி 1988ல செத்தாரு, அடுத்த வருசமே தொசாத்தி பத்திரிகையில "அந்த ஷெல்சியே நாந்தான்"ங்கிற மாதிரி கிளப்பி விட்டாரு, பெரிய சண்டை. யாரு பக்கம் நியாயம்னு இன்னைக்கும் அடிச்சுக்கிடுதாங்க. அம்பது ரூவா தகராறு அங்கயும் உண்டு.

பாளை வயலின்காரி:
மந்தம் அண்ணன் சொன்னதுல எனக்கு ஒரே ஒரு எடம் ஒத்துக்க முடியல. உங்க தாத்தாவுக்கு ஒண்ணும் வரலன்னு எப்படி சொல்றீங்க? விடிய விடிய ஒரு பெருவிரல மட்டும் பாத்துக்கிட்டு, பசி தெரியாம, பனி தெரியாம, அது சாதாரண நிலையா? சாமி வரலதான், சரி. ஆனா வீட்டுல காப்பி குடிக்கிற தாத்தா இல்லையே அது.

எங்க பக்கம் ஒரு உதாரணம். ரஷ்ய கம்போசர் ஸ்ட்ராவின்ஸ்கிக்கு 1910ல ஒரு காட்சி தோணுச்சு, பெரியவங்க வட்டமா உக்காந்து பாக்க ஒரு பொண்ணு ஆடி ஆடியே உயிர விடுறா. அதுதான் 1913 மே 29 பாரிஸ்ல ஊரே கூச்சல் போட்ட ரைட் ஆஃப் ஸ்பிரிங் பாலே. கடைசியில அவ ஆடுற எடத்துல பாருக்குப் பாரு தாளம் மாறும். நான் அத ஒரு வொர்க்‌ஷாப்புல வாசிச்சிருக்கேன், கண்ணு இமைச்சா போச்சு, பல்லக் கடிச்சு எண்ணிக்கிட்டே இருக்கணும். கேக்கிறவங்களுக்கு வெறி பிடிச்ச மாதிரி, வாசிக்கிறவங்களுக்கு கணக்குப் பரீட்சை மாதிரி. ஆனா ஆறாவது ரிகர்சல்ல அந்த எண்ணிக்கை தானா நின்னுச்சு. நான் எண்ணல, ஆனா தப்பல. அது என்ன?

மந்தமும் உச்சமும்:
அக்கா சொல்லுதது சரிதான், நான் வீம்புக்கு எழுதிட்டேன். கை தானாப் போவும் ஒரு நேரத்துக்கு மேல. அப்பா அத "கை சூடாயிட்டு"ம்பாரு. அப்ப பேரச் சொல்லிக் கூப்பிட்டா காதுல விழாது. ஆனா அண்ணாவி குரல்ல ஒரு எழுத்து மாறுனா விழுந்துரும். அதுக்கு எங்கள்ல தனியா பேரு இல்ல, சாமின்னும் சொல்ல மாட்டோம்.

ராத்திரி டூட்டி:
அங்கதான் சூட்சுமம். 2008ல சார்லஸ் லிம், ஆலன் பிரான்னு ரெண்டு பேர் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்கள ஸ்கேன் மெஷினுக்குள்ள படுக்க வச்சு, சின்ன கீபோர்ட மடியில வச்சு மனோதர்மமா வாசிக்கச் சொன்னாங்க. மனப்பாடமா வாசிக்கிறத விட அந்த நேரம், தன்னைத்தானே கண்காணிச்சுத் திருத்துற முன்மூளைப் பகுதி அடங்கி இருந்தது. கேக்கிற, கை அசைக்கிற பகுதியெல்லாம் மும்முரமா வேலை செஞ்சுது. ஜாஸ்தான், ஆர்கெஸ்ட்ரா இல்ல, ஆறே பேருதான், அதனால ரொம்ப இழுக்கக் கூடாது. ஆனாலும் "எல்லாமே கேட்டுச்சு, நான் மட்டும் இல்ல"ன்னு மேடம் எழுதினாங்களே, அது ஞாபகம் வந்தது.

ஜில்பேர் ரூஜேன்னு ஒரு பிரெஞ்சு ஆய்வாளர் 1980லயே சொல்லிட்டாரு, கொட்டுச் சத்தம் தானா யாரையும் சாமியாட வைக்காதுன்னு. அந்த ஊரு, அந்த நம்பிக்கை, அந்தக் கதை, எல்லாம் வேணும். இல்லன்னா எங்க வார்டுல ஜெனரேட்டர் ஓடுற சத்தத்துக்கே பாதிப் பேரு ஆடிருவாங்க.

சுக்குவெந்நி:
டாக்டரும் ஜோக்கடிக்க ஆரம்பிச்சிட்டாரு. என் பொழப்பு போச்சு.

என் பங்குக்கு ஒண்ணு. ஸ்கிரியாபின்னு ஒரு ரஷ்யாக்காரரு, 1910ல ஆர்கெஸ்ட்ரா ஸ்கோர்லயே கலர் லைட்டுக்குன்னு தனி வரி எழுதி வச்சவரு. அப்புறம் இமயமலை அடிவாரத்துல ஏழு நாள் கச்சேரி, அது முடிஞ்சதும் உலகமே மாறிரும்னு பிளான் போட்டாரு. 1915ல ஒதட்டுல வந்த கொப்புளம் சீழ் பிடிச்சு செத்துப் போனாரு, 43 வயசு. மலைக்குப் போகவே இல்ல. நம்மூரு கொடையே மூணு நாளோட முடிச்சுக்கிடுதோம், ஏழு நாளுக்கு அரிசி யாரு போடுவா.

ஓலைக்கொட்டான்:
மூணு வாரம் கழிச்சு வாரேன், மன்னிக்கணும். கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன்.

இந்தத் தடவ மாமா பக்கம் நிக்கல. மகுடக்காரங்களுக்குப் பின்னால கெடந்த ஒரு உரல் மேல உக்காந்துக்கிட்டேன். மந்தம் அடிக்கவரு பொடரியில வேர்வ எறங்குதது தீப்பந்த வெளிச்சத்துல தெரியுது. அண்ணாவி பெருவிரலப் பாக்காரான்னு பாத்தேன். இல்ல. இவரு மாமாவோட மொழங்காலப் பாக்காரு! ஆளுக்கு ஒரு கணக்கு போல. மாமா மொழங்கால் வெட்டி இழுத்ததும் இவரு லேசா தாடைய தூக்குனாரு, அவ்வளவுதான், மந்தம் மாறிட்டு. அந்த எடத்துக்கு எத்தன தடவ அதே சுத்து போச்சுன்னு வெரல் விட்டு எண்ணுனேன், நாப்பத்தி ஒண்ணு வரைக்கும் எண்ணிட்டு விட்டுட்டேன். என் ஸ்கோர்ல அது சரியா பதினாறு பாரு. பதினாறு பார்ல சாமி வந்தாகணும்னு நான் எழுதி வச்சிருக்கேன். யாருக்கு வரும்?

விடிஞ்சு மாமாவுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல, "வேட்டைக்குப் போனனாடே, கால் வலிக்கி"ன்னு கேக்காரு. மந்தக்காரரு மகுடத்த துணியில சுத்திக்கிட்டே, எந்த எடத்துல யாரு குலவ போட்டா, எந்த எடத்துல மைக்கு கரகரன்னுச்சுன்னு ஒண்ணு விடாமச் சொல்லுதாரு.

இப்ப பார் நம்பரயே எடுத்துட்டேன். செல்லோவும் டபுள் பாஸும் ஒரே சுத்த வாசிச்சுக்கிட்டே இருக்கணும், எத்தன தடவன்னு போடல. ஒத்தக் கிளாரினெட்டுதான் கோமரத்தாடி, அவரு நின்னுக்கிட்டு இஷ்டத்துக்கு வாசிப்பாரு. கண்டக்டர் அவரப் பாத்துக்கிட்டு, சரின்னு தோணும்போது கைய தூக்குனா டிம்பனி உள்ள வரணும். இப்படி எழுதலாமா? வாசிக்கவங்க அடிக்க வருவாங்களா?

பாளை வயலின்காரி:
தாராளமா எழுதலாம். போலந்து கம்போசர் லூட்டோஸ்வாவ்ஸ்கி 1961லேயே கண்டக்டர் கை காட்டுற வரைக்கும் அவங்கவங்க போக்குல வாசிக்கிற மாதிரி எழுதிட்டாரு. ஆனா ரிகர்சலுக்கு ரெண்டு மடங்கு நேரம் கேளுங்க. மொத நாள் கண்டக்டருக்கும் கிளாரினெட்டுக்கும் கண்டிப்பா சண்டை வரும். செல்லோக்காரங்களுக்கு தெளிவா எழுதிப் போடுங்க, கை காட்டுற வரைக்கும் சத்தத்தையும் வேகத்தையும் கூட்டக் கூடாதுன்னு. நாங்க கூட்டிருவோம், எங்க புத்தி அப்படி.

மந்தமும் உச்சமும்:
தம்பி, உரல்ல உக்காந்த கதை நல்லா இருக்கு. ஒண்ணே ஒண்ணு விட்டுட்டீய. மந்தம் மாறுததுக்கு முன்னாடி உச்சம் அர நொடி நின்னுருக்கும், கேட்டீயளா? சத்தமே இல்லாம ஒரு வெட்டு. அங்கதான் எங்கூருப் பொம்பளைக குலவ போடுவாவ. அத டிம்பனிக்கு முன்னாடி வைங்க.

ஓலைக்கொட்டான்:
கேக்கலண்ணே. போன்ல ரெக்கார்ட் பண்ணிருக்கேன், இருங்க, போட்டுப் பாக்கேன்.

ஓலைக்கொட்டான்:
இருக்கு.